அரங்குக்குள் ஒரு வீட்டுக்காரர்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இனிமேல் என் மனைவிக்குத் தெரியாமல் வாழ்வது என்று தீர்மானித்தேன். வேறு ஊருக்குப் போய் அல்ல. அதே திருநெல்வேலி டவுன், அதே வீடு, அதே மனைவி.

காரணம் இதுதான். நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்ல வேண்டும். சொல்லத்தான் போனேன். சண்முகசுந்தரி பக்கத்து வீட்டு செல்லக்கிளியிடம், "எங்க வீட்டுக்காரர் மானேஜர்லா!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

மறுநாளும் வழக்கம்போல எட்டரைக்கு டிபன் கேரியரோடு கிளம்பினேன். குறுக்குத்துறைப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். அதுவே வாடிக்கையாகிவிட்டது. தயிர்ச்சாதத்தை ஆற்று மீன்களும் நானும் பங்கு போட்டுக்கொள்வோம். மீன்கள் கொழுத்தன. நான் இளைத்தேன்.

வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமே, அதற்கு ஒரு மறைவிடம்? எங்கள் வீட்டில் அவள் திறந்து பார்க்காத டப்பா கிடையாது. மில்லில் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அதில் எழுதலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் பேட்டையில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் பூதலிங்கம் ஒரு வழி சொன்னான்.

"அண்ணாச்சி, வாங்குறதைப் பெரிய மிஷினா வாங்குங்க. இப்பம் புதுசா ஒரு சாப்ட்வேர் வந்திருக்கு. அதைப் போட்டா ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். ஒரே நேரத்துல ரெண்டும்."

"உள்ள ஓடுதது வெளிய தெரியுமா வே?"

"அது பாட்டுக்குத் தனியா கெடக்கும். வெளிய இருக்கவன் வீட்டுக்காரன். உள்ள இருக்கவன் வாடகைக்கு வந்தவன். ஆனா அவனுக்கு அது தெரியாது. தான்தான் வீட்டுக்காரன்னு நெனச்சிக்கிட்டே இருப்பான்."

அந்தக் கடைசிப் பேச்சைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். என் புத்தி வேறு பக்கம் ஓடிவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் வந்தவர் போனவர் உட்கார முன்னால் பட்டாசல். நகையும் பத்திரமும் வைக்க, உள்ளே ஜன்னல் இல்லாத அரங்கு. பத்திரம் உள்ளே இருந்தால்தான் பத்திரம். ஆகவே வெளிக் கம்ப்யூட்டர் பட்டாசல், அது சுந்தரிக்கு. உள் கம்ப்யூட்டர் அரங்கு, அது எனக்கு.

பெட்டி வந்து இறங்கியது. ராம் மட்டும் இருநூற்றைம்பத்தாறு எம்.பி. ஊரிலேயே பெரிய மிஷின் இதுதான் என்றான் பூதலிங்கம். போட்டுவிட்டால் மாவு மில் மாதிரி இரைந்தது.

"என்னது இது?" என்றாள் சுந்தரி.

"ஆபீஸ்ல குடுத்திருக்காவ. வீட்லயும் வேலை பாக்கணுமாம்."

"அப்படியா? ரொம்ப நல்ல மனசுதான் அவுகளுக்கு."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

தினமும் சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போகிற ஒரு மணி நேரம் நான் அரங்குக்குள் இருப்பேன். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு பொத்தானை அமுக்குவேன். உள் மிஷின் உட்கார்ந்தபடியே தூங்கிவிடும். மறுநாள் எழுப்பினால் விட்ட எழுத்திலேயே விழிக்கும். பாஸ்வேர்டு கூடக் கேட்காது. என்ன வசதி! நான் இல்லாத பகலில் சுந்தரி வெளி மிஷினில் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் உள் மிஷினைத் தூங்கப் போட மறந்துவிட்டேன்.

"ஏங்க, இது ஏன் இவ்ளோ பைய நடக்கு? ஒரு எழுத்தைத் தட்டிட்டு காப்பி போட்டுட்டு வந்துரலாம் போலுக்கே."

"உள்ள வேலை நடக்குளா."

"எந்த உள்ள?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரி," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் 'சரி' என்றால் சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இருபத்து மூன்று விண்ணப்பங்கள் போட்டேன். பதில்கள் பூதலிங்கம் கடை விலாசத்துக்கு வந்தன. வந்தவை எல்லாம் என் வயதைத்தான் பேசின. இருபத்து நாலாவதை எழுதி வைத்தும் அனுப்பவில்லை. பேட்டையில் ஒரு புதுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கேட்டிருந்தார்கள். மானேஜராக இருந்தவன் போய் டைப் அடிப்பதா? ஒன்பது நாள் அதையும் அரங்கிலேயே தூங்கப் போட்டேன். நானும் பகலெல்லாம் அப்படித்தான் இருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கள்கிழமை எட்டரைக்குக் குடையோடு வந்து நின்றேன். கேரியர் அதன் இடத்தில் இல்லை.

"ஏளா சுந்தரி, கேரியர் எங்க?"

"ஆத்துல வெள்ளமாம். குறுக்குத்துறைக் கோயிலே முங்கிட்டாம். இன்னிக்கு எங்கன போய் உக்காரப் போறிய?"

குடையை விரித்தேன், மடக்கினேன்.

"எப்பம் தெரியும் உனக்கு?"

"மொத நாளே தெரியும். மில்லுக்குப் போன கேரியர் அடியில ஆத்து மணலா ஒட்டும்?"

"அப்பம்... மிஷினுக்கு உள்ள இருக்கது?"

"தூங்கத்தான போட்டிய, பூட்டவா செஞ்சிய? பட்டாசல்ல இருந்து எழுப்புனேன், அது முழிச்சிக்கிட்டு. இருபத்து மூணையும் வாசிச்சேன்." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. மழைச் சத்தத்தைக் கேட்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருபத்து நாலாவது ஒண்ணு அனுப்பாமக் கெடந்துது. நல்லாத்தான் எழுதியிருந்திய. நான் அனுப்பிட்டேன்."

"அனுப்பிட்டியா? என்ன சொன்னாவ?"

"வேலை கெடச்சிட்டு. இன்னிக்கே வரச் சொல்லியிருக்காவ."

போன உயிர் திரும்பி வந்தது. டைப் அடித்தால் என்ன, குறைந்தா போய்விடுவேன்? வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டேன்.

"சீக்கிரம் கேரியரைக் குடு!"

அவள் அடுப்படியிலிருந்து கேரியரோடு வந்தாள். அப்போதுதான் கவனித்தேன். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"அந்த விண்ணப்பத்துல பேரையும் வயசையும் மாத்துனேன். மானேஜர்னு இருந்ததை எடுத்துட்டேன். ஒரே பெட்டியில ரெண்டு மிஷின் ஓட்டத் தெரியும்னு போட்டிருந்திய பாருங்க, அதை மட்டும் விட்டு வச்சேன். ஓட்டிக் காட்டச் சொன்னாவ. ஓட்டிக் காட்டுனேன்."

என் கையிலிருந்த குடையையும் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"சோறு மூடி வச்சிருக்கேன். கதவைச் சாத்திக்கோங்க. வீட்டுக்காரர்னா வீட்லதான இருக்கணும்?"