பாதுகாப்பு அதிகாரியின் சுளுக்கு

“வலிக்குதாம்மா?”

“இப்படி இழுத்தா வலிக்காதாப்பா?”

விடுதித் தோட்டத்துச் சறுக்குமரத்தின் உச்சியில் எழுந்து நின்ற மகளைப் பத்திரமாக இறக்கப் போய், அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தவர் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாதவனை வாசலோடு திருப்பி அனுப்புகிறவர். போன விடுமுறையில், மனைவியின் பொறுப்பில் இருந்தபோது இதே பெண் கதவிடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டாள். அதைப் பற்றி அவர் அன்று ஆரம்பித்த சொற்பொழிவு இன்னும் முடிந்தபாடில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலிலிருந்து சொல்வார்.

இந்த விடுமுறைக்கு வந்து இது மூன்றாவது நாள். மனைவி விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்தால் ஆயுசுக்கும் இவர் வாயைத் திறக்க முடியாது.

மகளின் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளிப் பார்த்தார். மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது.

“அம்மாகிட்ட சொல்லிடாதே கண்ணு. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்.”

“சரிப்பா. பெரிய கப்பா வாங்குங்க” என்றாள் வாலு. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஐஸ்கட்டி கேட்க வரவேற்பறைக்குப் போனார்.

“யாருக்கு சார் அடி?”

“எனக்குத்தான். லேசா சுளுக்கு.”

வரவேற்பறைப் பெண் கடமை தவறாதவள். அவர் மறுக்க மறுக்க, முழங்கை வரை கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து ஒரு துணியைத் தொங்கவிட்டுக் கையை அதில் மாட்டினாள். இருந்த ஐஸ்கட்டியையெல்லாம் அதற்குள்ளேயே திணித்தாள். வாலுவுக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அறைக்கும் போன் செய்துவிட்டாள். மனைவி தலையைக்கூட வாராமல் ஓடி வந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“சறுக்குமரத்துல...”

“நீங்க எதுக்கு அதுல ஏறினீங்க?”

“பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பா இருக்கான்னு சோதிச்சுப் பார்த்தேன்.”

மனைவி உடனே நம்பிவிட்டாள். இவர் செய்யக்கூடிய காரியம்தான் அது.

“அடுத்த தெருவுல கிளினிக் இருக்கு. கார் சொல்லிட்டேன்” என்றாள் வரவேற்பறைப் பெண்.

“கிளினிக்கெல்லாம் வேணாம்” என்றார் அவர்.

“ஆமா, வேணாம். தைலம் தடவினாப் போதும்” என்றாள் மனைவியும் அவசரமாக.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே கட்சியில் நின்றதாக அவருக்கு நினைவில்லை. நெகிழ்ந்துபோனார். ஆனால் கார் வந்துவிட்டது. கட்டுப் போட்ட கையாலேயே கதவைத் திறந்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து முனகினார்.

காரில் மனைவிக்கும் வாலுவுக்கும் நடுவில் சிரமப்பட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளையின் கையை அவள் பிடித்துவிட்டால் கதை கந்தல். ஓரக்கண்ணால் பார்த்தார். வீக்கம் கூடியிருப்பது போலத் தெரிந்தது. எலும்பில் விரிசலாக இருந்தால்? அதன் பிறகு அவருக்குச் சொற்பொழிவு, மானம், மரியாதை எதுவும் பெரிதாகப் படவில்லை.

கிளினிக் வாசலில் மனைவி நின்றுவிட்டாள்.

“நீங்க போங்க. எனக்கு மருந்து வாசனை ஒத்துக்காது.”

“வாலு என்கூட வரட்டும்.”

“அவ எதுக்குங்க?”

“எனக்குத் துணைக்கு” என்று சொல்லி, மனைவி தடுப்பதற்குள் மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே நர்ஸ் அவருடைய கட்டைப் பிரிக்கப் பிரிக்க, நல்ல கை வெளியே வந்தது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க சார் வலி?”

“சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல. அடி இவளுக்குத்தான். நான்தான் இழுத்துட்டேன். எலும்புக்கு ஒண்ணும் ஆகலையேன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெளிய நிக்கிற என் மனைவிக்கு மட்டும் தெரியக் கூடாது.”

நர்ஸ் வாலுவைப் பார்த்தாள். வாலு கூரையைப் பார்த்தாள். நர்ஸ் அந்தச் சின்ன மணிக்கட்டை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நேத்தே சுளுக்கின கை சார். கூட்டிட்டு வந்த அம்மா, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க.”