கம்பளியார் பயிரிட்ட பனிநாட்டு நெல்

பக்கத்து ஊரான மண்டியாவைக்கூடத் தாண்டாமல் பனிநாட்டுக் குளிரில் வெடவெடவென்று நடுங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மகாராஜா காலத்து மைசூரில், எங்கள் சர்வே ஆபீஸில் படம் வரைந்த கம்பளியார். அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் ரிஜிஸ்தருக்கு மட்டுமே தெரியும்.

எந்த இடத்தை வரைகிறாரோ அந்த இடத்திலேயே குடியேறிவிடுவார். காவிரிக் கரையை வரைந்தால் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருவார். மலைப் படமென்றால் மூச்சு வாங்கும்.

ஒரு சித்திரை மாதம், வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் தம் பழைய குறிப்பேடுகளைக் கொண்டுவந்தார். வாலிபத்தில் பூமியின் வட கோடியில் அவர் அளந்த ஆறுகளும் சதுப்புகளும் அதில் இருந்தன. அவற்றை நல்ல படமாக வரைந்து தரவேண்டும். வருஷத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும் தேசமாம். மறுநாளே நம்மவர் தேவராஜ மார்க்கெட் பக்கம் போய்க் கம்பளி வாங்கிப் போர்த்திக்கொண்டு வந்தார். நெற்றியில் வியர்வை கொட்டுகிறது, பல் தந்தியடிக்கிறது!

"என்ன சார், காய்ச்சலா?"

"அறுபதாவது அட்சரேகைல இருக்கேன்யா. மொதல்ல ஜன்னலைச் சாத்து!"

கோடு அவருடையது, வர்ணம் என்னுடையது. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. இந்தப் படம் துரைக்குப் பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மானேஜர் சொல்லியிருந்தார். பயத்தில் நான் ஒன்று செய்தேன். குறிப்பேட்டில் 'வெட் லேண்ட்' என்று கண்ட இடத்திலெல்லாம் பளபளவென்று நெல்வயல் பச்சையைப் பூசிவிட்டேன். நில வரிப் படங்களிலேயே உழன்றவனுக்கு அந்த வார்த்தைக்கு நஞ்சை என்பதைத் தவிர வேறு அர்த்தம் ஏது? துரை எழுதியிருந்ததோ சதுப்பு நிலத்தை.

துரை வந்தார், பார்த்தார், முகம் சிவந்தார்.

"இங்கே யார் நெல் போட்டது?" என்றார் தமது மதராஸ் தமிழில்.

கம்பளியார் எழுந்தார்.

"நான்தாங்க தொரை. குளிர் தாங்கலை. சூடா ஒரு பிடி சோறு கெடைச்சா தேவலைன்னு தோணிச்சு. பயிர் பண்ணிட்டேன்."

துரை சிரித்த சிரிப்பில் மைக்கூடு கவிழ்ந்தது. மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. கம்பளியாருக்கு மெமோ கொடுத்தார்.

நாலு நாள் அந்தப் பச்சையைக் கத்தி முனையால் சுரண்டினார் மனிதர். பாவமே என்று விசிறினேன். "சும்னே இருப்பா, பனிக்காத்து அடிக்குது!" என்று கன்னடம் கலந்து அதட்டினார்.

"ஏன் சார் பழியை உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?"

"வெளிய குளிர் ஜாஸ்தி. நீ தாங்கமாட்டே. எங்கிட்டக் கம்பளி இருக்கு."

என் வேலை நிரந்தரமாயிற்று. கல்யாணம், மூன்று குழந்தைகள் எல்லாம் அந்த உத்தியோகத்தில்தான். நன்றி என்று ஒரு தடவைகூட அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்: அன்றிலிருந்து இன்றுவரை என் வீட்டில் பொங்கிய சோறெல்லாம் அந்தப் பனிநாட்டில் கம்பளியார் விளைவித்த நெல்தான்.