ஆற்றைமோன் அண்ணையும் ஒஹாயோக் குடும்பமும்

லண்டனில் உள்ள தமிழர் எல்லோரும் ஒரே குடும்பம் என்று மேடையில் பேசியவர்கள் பலர். அதை வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டே நிரூபித்துக் காட்டியவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஆற்றைமோன் அண்ணை.

எண்பதுகளின் கடைசியில், டூட்டிங்கில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். அவர் தராசடியில். அவருடைய சொந்தப் பெயரை ஒருவரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யார் உள்ளே வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, நீர் ஆற்றை மோன்?" அதாவது, யாருடைய மகன்? அதுவே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. ஆனால் மற்றவர்கள் பதில் கிடைத்ததும் விட்டுவிடுவார்கள். இவர் தகப்பனில் தொடங்கி, பாட்டன், பூட்டன், பூட்டனின் இரண்டாம் தாரம் என்று போய், தனக்கும் உங்களுக்கும் ஒரு முறை கண்டுபிடிக்கும்வரை காய்ப் பையைக் கைவிட மாட்டார்.

"அண்ணை, பஸ் வரப்போகுது. காயைத் தாங்கோ."

"பொறும் தம்பி. உம்மட தாய்மாமன்ரை சகலன் கோப்பாயிலை கலியாணம் முடிச்சவரெல்லே?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

"உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்ப நீர் எனக்கு மருமோன் முறை. இந்தாரும், மாமா ஒரு பிடி பச்சைமிளகாய் கூடப் போட்டிருக்கிறன்."

மருமக்கள் பெருகப் பெருக முதலாளியின் பச்சைமிளகாய் குறைந்துகொண்டே வந்தது. "உந்தாள் ஒருநாளைக்குக் கடையையே சொந்தக்காரருக்குப் பிரிச்சுக் குடுத்திட்டுத்தான் ஓயும்" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னையும் பிடித்தார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அன்று முழுவதும் யோசித்தார். கடை பூட்டுகிற நேரம் வந்து, என் பெரியம்மாவின் கணவருடைய தம்பி வழியாக எங்கெங்கோ சுற்றி, "நீர் எனக்குத் தங்கச்சி முறை" என்று அறிவித்தார். அப்போது எனக்கு லண்டனில் ஒருவரும் இல்லை. வலிய வந்த அண்ணன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பேர்ப்பட்டவரின் தராசுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மழைக்கு ஒதுங்கி வந்து நின்றார் டொரத்தி. ஐம்பது வயது மதிக்கத்தக்க அமெரிக்கப் பெண்மணி. நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணைக்கு வெள்ளை, கறுப்பு பேதமில்லை.

"மடம், ஹூஸ் டோட்டர்?" என்று கேட்டார்.

நான் வெட்கத்தில் கல்லாவுக்குக் கீழே குனிந்துகொண்டேன். ஆனால் டொரத்தியின் முகம் மலர்ந்துவிட்டது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் அவர். அரிசி மூட்டையில் உட்கார்ந்து, தகப்பன் ஹென்றி பிளம்ரிட்ஜ், பாட்டன் ஜோர்ஜ் பிளம்ரிட்ஜ் என்று ஏழு தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பாம்பின் கால் பாம்பறியும்! அந்த வரிசையின் உச்சியில் இருந்தவர் எபனேசர் பிளம்ரிட்ஜ். ஒஹாயோ வெறும் காடாக இருந்த காலத்தில் மாட்டு வண்டியில் போய் இறங்கிய பயனியர் என்றார் டொரத்தி.

"பயனியர் எண்டால் என்ன தங்கச்சி?"

"முதன்முதல் போய்க் குடியேறின ஆள் அண்ணை."

"ஓ! உங்கை பக்கத்து ஊர் மிச்சத்திலை முதல் வீடு வாங்கின எங்கட டொக்டர் மாதிரி."

டொரத்திக்கு ஒரே ஒரு குறை. எபனேசர் லண்டனின் தெற்கே எங்கிருந்தோ புறப்பட்டார் என்பதுவரைதான் குடும்பத்துக்குத் தெரியும். எந்த இடம் என்று தெரியாது. தகப்பன் ஹென்றி தொண்ணூறைத் தாண்டிப் படுக்கையில் கிடக்கிறார். "நாம் எங்கேயிருந்து வந்தோம் என்று தெரியாமல் போய்ச்சேர எனக்கு மனமில்லை" என்று சொல்லி மகளை அனுப்பியிருக்கிறார். டொரத்தியும் பார்க்காத தேவாலயம் இல்லை, துடைக்காத கல்லறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம். சொல்லி முடித்தபோது டொரத்தி அழுதுவிட்டார்.

"டோன்ட் க்றை மடம். சண்டேக்கு முதல் ஐ ஃபைண்ட்" என்றார் அண்ணை.

"உமக்கென்ன விசரே?" என்றார் முதலாளி.

அன்று பின்னேரம் அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்த பிளம்ரிட்ஜ் எண்ட மனுசன் லேசுப்பட்ட ஆளில்லை. ஹென்றி பிளம்ரிட்ஜ், ஜோர்ஜ் பிளம்ரிட்ஜ், எபனேசர் பிளம்ரிட்ஜ்… எல்லாருக்கும் தகப்பன் இவர்தான்! எத்தினை தாரம் கட்டினவரோ?"

"ஐயோ அண்ணை, அது தகப்பன்ரை பேரில்லை, குடும்பப் பேர். ஹென்றியின்ரை தகப்பன் ஜோர்ஜ் எண்டு அவ சொன்னவவெல்லே?"

"அது வளர்த்த தகப்பனாயிருக்கும். வெள்ளைக்காரர் ஆரையும் தகப்பன்ரை பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறவை? வங்கியிலை என்னை என்னெண்டு கூப்பிடுறாங்கள்? மிஸ்டர் நாகலிங்கம். நாகலிங்கம் ஆர்? என்ரை ஐயா!"

அவர் சொன்னதும் உண்மைதான். இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் அப்பாமாரின் பெயரில்தான் உலாவிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் முதன்முதலாக என்னை "மிஸ் கந்தசாமி" என்று கூப்பிட்டபோது, அப்பா எப்போது வந்தார் என்று நான் திரும்பிப் பார்த்தவள்.

"இவ்வளவு பிள்ளையைப் பெத்த மனுசன். ஒண்டு ரெண்டாவது டூட்டிங்கிலை நிக்காமலோ போகும்?" என்று அண்ணை முடிவு கட்டினார்.

மறுநாள் காலையிலிருந்து கடைக்குள் வந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவரும் தப்பவில்லை. "ஆர் யூ பிளம்ரிட்ஜ் சன்? ஆர் யூ பிளம்ரிட்ஜ் டோட்டர்?" ஒருவர் சிரித்தார். ஒரு அம்மா இஞ்சியைப் போட்டுவிட்டு ஓடினார். இன்னொருவர் பொலிஸுக்குச் சொல்வேன் என்றார். "இனி ஒரு வெள்ளையைக் கேட்டீரோ, தராசைக் கழட்டி உம்மட தலையிலை வைச்சு அனுப்புவன்" என்று முதலாளி கத்தினார். வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. அண்ணை சாப்பிடவில்லை. முறை தேடி அவர் தோற்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பூனைக் கிழவி வந்தார். பக்கத்துத் தெருவில் தனியாக இருப்பவர். பூனைக்கு மீன் டின் வாங்க மட்டும் வருவார். குறை சொல்ல மட்டும் வாயைத் திறப்பார். அண்ணை டின்னை எடுத்தார். முதலாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடக்க முடியவில்லை.

"மடம்… யூ பிளம்ரிட்ஜ் டோட்டர்?"

கிழவி கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "மகள் இல்லை. என் அம்மாதான் பிளம்ரிட்ஜ் வீட்டுப் பெண். உனக்கு யார் சொன்னது?"

முதலாளி தராசடிக்கு ஓடிவந்தார். அண்ணை என் பக்கம் திரும்பி, "பாத்தீரே? பேத்தி!" என்றார்.

டொரத்தி தந்துவிட்டுப் போயிருந்த எண்ணுக்குத் தொலைபேசி போட்டோம். விழுந்தடித்து வந்தார். எபனேசர் என்ற பெயரைக் கேட்டதும் கிழவியின் முகம் புளித்தது.

"அந்த ஓடுகாலியா?" என்றார்.

மிச்சம் ஊரில் அவர்களுக்கு லவண்டர்த் தோட்டம் இருந்ததாம். மூத்தவன் தோட்டத்தோடு நின்றான். இளையவன் எபனேசர், போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனவன், ஒரு வரி எழுதவில்லை. தாய் தெருவைப் பார்த்தபடியே கண்ணை மூடினாள். அன்றுமுதல் அந்த வீட்டில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால்கூட, "எபனேசர் மாதிரிப் போய்விடாதே" என்றுதான் சொல்லி அனுப்புவார்களாம். ஒஹாயோவில் அதே எபனேசரின் படத்துக்குக் கீழே வருஷா வருஷம் விருந்து வைக்கிறார்கள்!

டொரத்தி கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

"ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றார் கிழவி. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கடைத் தொலைபேசியிலிருந்தே ஒஹாயோவுக்கு எடுத்தோம். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "மிச்சம், அப்பா! லவண்டர்த் தோட்டம்!" என்று டொரத்தி கத்த, மறுமுனையில் அந்தக் கிழவனார் போட்ட கூச்சல் அரிசி மூட்டைவரை கேட்டது. கண்டுபிடித்த மனிதரிடம் பேசவேண்டுமாம். அண்ணை ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு ரிசீவரை வாங்கினார். அவர் வாயைத் திறக்குமுன்னே அங்கிருந்து கேள்வி வந்துவிட்டது.

"நீ யாருடைய மகனப்பா?"

அண்ணை ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். எங்கள் எல்லோரையும் கேட்டவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாகலிங்கம், சேர். சன் ஒஃப் நாகலிங்கம்" என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கிழவனார் கேட்டிருக்க வேண்டும். "நோ சேர். ஓல் கோன். நோபடி" என்றார். பிறகு நெடுநேரம் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

ரிசீவரை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "தங்கமான மனுசன். எனக்குச் சித்தப்பா முறை வருது."

சில வருஷங்களுக்குப் பிறகு அம்மா லண்டன் வந்தபோது, அண்ணை கண்டுபிடித்த எங்கள் உறவை விளக்கிச் சொன்னேன். அம்மா விழித்தார். "பெரியம்மாவின்ரை மனுசனுக்குத் தம்பியே இல்லையடி!"

இதை நான் அண்ணையிடம் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனேன். மருந்து கொடுக்க வந்த தாதியிடம், "ஹூஸ் டோட்டர்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"தங்கச்சி" என்றேன். "கூடப்பிறந்த தங்கச்சி."