முப்பத்தேழு நான்தான்

அவமானப்படுவதில் நான் ரொம்ப மெதுவான ஆள். அவமானம் நடக்கிறபோது சிரித்துக்கொண்டிருப்பேன். நாலு நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது ‘ஐயோ, அது அப்படியா’ என்று வாய் நிறைய நுரையோடு நின்றுவிடுவேன். இந்த விஷயத்தில் மட்டும் நாலு நாள் போதவில்லை. இரண்டு வருஷமாகியும் பாதிதான் புரிந்திருக்கிறது.

எனக்கு பைக் ரேஸ் பைத்தியம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை. (மெக்கானிக்கல் டிப்ளமோ. அம்மாவைக் கேட்டால் ‘ஸ்க்ரூவை அளக்குற வேலை’ என்பாள்.) ஷிப்ட் முடிந்து சேரப்பணஞ்சேரிக்குக் கம்பெனி பஸ் ஏறியதும் போனை எடுத்து, இந்தப் பக்கத்து ரேஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குள் புகுந்துவிடுவேன். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. வீரர்களைப் போல ஆளுக்கு ஒரு எண். நான் முப்பத்தேழு. படத்துக்கு ஒரு தேய்ந்த டயர். நான் எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த சீசன் முழுக்க ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால், யார் ஜெயிப்பார், யார் டயரைத் தின்று தீர்த்துவிட்டுக் கடைசிச் சுற்றில் தவிப்பார் என்று எல்லோரும் எழுதிப் போட வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தடத்தில் ஒரு அணியின் பிட்டுக்குள் போக ஒரே ஒரு பாஸ். பிட் என்றால் பைக்கைப் பிரித்துப் பூட்டுகிற கொட்டகை. (எனக்கு அது வேளாங்கண்ணி.) முதலிடம் நான். ‘37 ப்ரோ தெய்வமே’ என்று குழு அதிர்ந்தது. ப்ரோ என்பது எல்லோருக்கும் பொதுவான சொல் என்று நினைத்துக்கொண்டேன். காலேஜில் என்னை மச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினேன். பின்னால் தம்பி ஜோசப். சைக்கிளுக்கே பயப்படுகிறவன். “தனியா போவாத, இவனையும் இட்டுக்கினு போ” என்ற அம்மாவின் உத்தரவால் வந்தவன்.

வாசலில் குழுவின் அட்மின் பாஸ்கர் அண்ணா பத்துப் பதினைந்து பேரோடு நின்றிருந்தார். “முப்பத்தேழு வந்தாச்சு” என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜோசப்பைக் கட்டிப்பிடித்து, அவன் கழுத்தில் பாஸை மாட்டினார்.

“இன்னா தல, இவ்ளோ சின்னப் பையனா கீற? சிஸ்டர் ஏன் வண்டி ஓட்டிக்கினு வர்றாங்க, கையில அடியா?”

ஜோசப் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணா, முப்பத்தேழு நான்தான்” என்றேன்.

ஒருவர், “அப்டியா, போன வருசம் மூணாவது ரேஸ்ல வுழுந்தது யாரு?” என்றார். எந்த வளைவில் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இன்னொருவர், மழைக்கு எந்த டயர் என்றார். சொன்னேன். கேள்வி வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரே குஷி. புதிதாக வருகிற எல்லோருக்கும் குழு வைக்கும் வரவேற்பு இது என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். முடிந்ததும், “அடுத்து யாருக்குண்ணா?” என்று கேட்டேன்.

யாருக்கும் இல்லையாம்.

பாஸ்கர் அண்ணா ஜோசப்பின் தோளைத் தட்டினார். “சூப்பரா சொல்லிக் குடுத்துக்கீற தல.”

“நான் இல்லண்ணா” என்றான் ஜோசப். “எனக்கு கியர்னா இன்னான்னே தெரியாது.”

“பாத்தீங்களா, இன்னா ஒரு தன்னடக்கம்.”

“அந்த பாஸ்…” என்று இழுத்தேன்.

“உள்ள ஒரே ஆயிலு, சத்தம். உனக்கு எதுக்கும்மா கஷ்டம்? அதோ பந்தல் நெழல்ல சேர் போட்டுக்கீது பாரு” என்று ஒரு மோர் பாக்கெட்டையும் கொடுத்தார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தேங்க்ஸ்ண்ணா.”

அரை மணியில் பிட்டுக்குள்ளிருந்து ஜோசப் போன் செய்தான். பின்னணியில் இன்ஜின் அலறல்.

“அக்கா, பின் டயரு ஏன் ஒரு பக்கம் மட்டும் தேயுதுன்னு மெக்கானிக் கேக்குறாரு. ஓட்டுனா தேயும்தானன்னு சொல்ட்டேன். தப்பா?”

நான் சேர் மேல் ஏறி நின்று கத்தினேன். “இந்தத் தடத்துல வலது பக்கம் திரும்புற வளைவு ஜாஸ்திடா. அந்தப் பக்கமே சாய்ஞ்சி சாய்ஞ்சி சூடாயி தேயும். காத்து எவ்ளோ வெச்சிருக்காங்கன்னு கேளு.”

பந்தலே திரும்பிப் பார்த்தது. பாஸ்கர் அண்ணா ஓடி வந்தார், முகமெல்லாம் பரவசம். அப்பாடா, புரிந்துவிட்டது என்று கீழே இறங்கினேன்.

“இன்னாம்மா, தம்பி டயரைப் பத்தி இன்னா சொல்றாரு?”

கத்தியது நான். அவர் காதில் விழுந்தது என் குரல். நடுவில் ஜோசப் எப்படிப் புகுந்தான்? கோபப்படுவதா, சிரிப்பதா, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதா? மூன்றும் செய்யாமல் மோரைக் குடித்தேன்.

அன்றைக்கே ஜோசப்பைக் குழுவில் சேர்த்து என் எண்ணை அவனுக்கு எழுதிவிட்டார்கள். நான் ‘37 சிஸ்டர்’ ஆனேன். இப்போது அவன் அங்கே துணை அட்மின். கேள்வி வந்தால் எனக்குத் தள்ளுகிறான், நான் எழுதுகிறேன், அவன் ஒட்டுகிறான், ‘தல வேற லெவல்’ என்று கை தட்டுகிறார்கள். ஏன் இன்னும் எழுதிக் கொடுக்கிறாய் என்று கேட்காதீர்கள். தப்பான பதில் அங்கே கிடந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் வீட்டு மிக்ஸி நின்றுபோனது. நான் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கரியாக உட்கார்ந்திருந்தேன். படுத்துக் கிடந்த ஜோசப்பிடம் அம்மா பவ்யமாகப் போய், “தல, சிஸ்டருக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்தியா?” என்றாள்.

“சொல்லிக் குடுத்துக்கினேதான் கீறேன்” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

மிக்ஸி ஓடியது. அப்பா எழுந்து போய் அவனுக்குக் கை கொடுத்தார்.