ஏழாம் நம்பரைத் தேடும் எட்டாம் நம்பர்

ஒரு காட்டில், வன இலாகாவுக்கே வழி தெரியாத ஒரு காட்டில், செவலை என்றொரு நாய் இருந்தான். அவனைப் பதினோரு முறை விற்றாகிவிட்டது. பதினோரு முறையும் விற்றவர் தரகர் மாசிலாமணி நரிதான்.

தொழில் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. நரி காலையில் விற்பார். சாயங்காலத்துக்குள் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு நரி வீட்டுக் கோணிப்பைக்கே ஓடி வந்துவிடுவான். வந்தவனுக்கு ஒரு கருவாட்டுத் தலை கிடைக்கும். "இதான்டா கடைசி. இனிமே நீ இந்தக் கோணியிலயே கெடக்கலாம்" என்பார் நரி. செவலைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஓடி ஓடிக் கால் தேய்ந்துவிட்டது. இனி யாரும் தன்னை விற்கக் கூடாது, ஒரே இடத்தில் படுத்திருக்க வேண்டும். பாவம், பதினோரு முறையும் நரியை நம்பினான்.

நாயைப் பறிகொடுத்த முயலும் மயிலும் பன்றியும் சிங்கத்திடம் போய் அழுதன. சிங்கம் உடனே சட்டம் போட்டது. ஒரு முறை விற்ற நாயை ஓராண்டுக்கு மறுபடி விற்கக் கூடாது. போலீஸ், ராணுவத் தேவைக்கு மட்டும் விலக்கு உண்டு. விலக்கு வைக்காமல் சட்டம் போட சிங்கம் என்ன பைத்தியமா? மறுநாளே நரி செவலையைப் போலீசுக்கு விற்றார்.

கழுத்தில் ஏழாம் நம்பர் பட்டை மாட்டினார்கள். சாயங்காலம் பட்டை ஸ்டேஷனில் கிடந்தது, செவலை கோணியில் கிடந்தான்.

ஸ்டேஷனில் ஒரே அமளி. காணாமல் போன நாயைக் கண்டுபிடிக்க மோப்ப நாய் வேண்டும். இருந்த ஒரே மோப்ப நாயைத்தான் காணவில்லை. இன்ஸ்பெக்டர் சிறுத்தை அவசரமாக ஆள் அனுப்ப, நரி செவலையின் நெற்றியில் கொஞ்சம் அடுப்புக்கரியைத் தடவி அவனையே கொடுத்தனுப்பினார். இந்த முறை எட்டாம் நம்பர்.

பழைய பட்டையை மோந்து பார்க்கச் சொன்னார்கள். செவலை மோந்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"அய்யா, நான்தான் அந்த ஏழு."

"ரெஜிஸ்டர்ல நீ எட்டு" என்றார் சிறுத்தை.

"நீங்களே மோந்து பாருங்கய்யா."

"மோந்து பாக்குறது உன் வேலை. ஆனா ஒண்ணு, நீ சொல்றத நான் எழுதிக்கிட்டா கேஸ் முடிஞ்சிரும். கேஸ் முடிஞ்சா நீ உபரி. உபரி நாயை ஏலம் விட்டாகணும்."

உட்கார்ந்திருந்த செவலை எழுந்து நின்றான். "முடியலேன்னா?"

"முடியற வரைக்கும் விசாரணை நாயை ஒருத்தனும் விக்க முடியாது. சட்டம்."

செவலை பட்டையை மறுபடி மோந்தான். இந்த முறை நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு மோந்தான்.

"வடக்கால போயிருக்கான்யா. பலே கில்லாடி. நாளாகும்."

ஆறு வருஷமாகிறது. தினமும் காலையில் வடக்கே ஒரு நடை போய்வந்து, மீதி நேரம் ஸ்டேஷன் பின்கட்டில் ஒரே சாக்கில் படுத்திருக்கிறான் செவலை. விடாமுயற்சிக்கு இரண்டு பதக்கம் கிடைத்திருக்கிறது. மாசிலாமணி மட்டும் இன்னும் கருவாட்டுத் தலையோடு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீதி: உன்னைத் தேடும் வேலையை உன்னிடமே கொடுத்தால் ஒழுங்காகத் தேடு, கண்டுபிடித்துத் தொலைக்காதே.