விலங்குகள்: இல்லை

மார்ச் பதினான்காம் தேதி காலை பத்து இருபதுக்கு, மூன்றாம் மாடி வீடொன்றில், தையல் மெஷினுக்கு அடியில் தையல்காரர் பூனையாக உட்கார்ந்திருந்தார்.

பத்தரைக்குத் தத்து அலுவலகத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த தேதி. ‘தம்பதி இருவரும் வீட்டில் இருக்க வேண்டும்’ என்ற வரியைக் கடிதத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

"வெளிய வா கண்ணு," என்று எலக்ட்ரீஷியன் மண்டியிட்டுக் கெஞ்சினார். "இன்னிக்கு ஒரு நாள் பயப்படாம இருக்கக் கூடாதா?"

தையல்காரருக்குப் பயம் வந்தால் பூனையாகிவிடுவார். திரும்பி வர ஒரு மணி நேரமாகும். ஏழு வருடத்துக்கு முன்பு மின்கம்பத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டிருந்த அவரை இறக்கப் போன எலக்ட்ரீஷியன், பாதி வழியிலேயே மனதைப் பறிகொடுத்துவிட்டார். எலக்ட்ரீஷியனுக்கு வேறு கோளாறு. பொய் சொன்னால் நாயாக மாறத் தொடங்குவார். ஒரு பொய்க்கு ஒரு காது.

அழைப்பு மணி அடித்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, தடிமனான கோப்புடன் உள்ளே வந்து உட்கார்ந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். அவர் பார்வை கடிகாரத்துக்கு மேலே நின்றது. அங்கே ஒரு பல்லி. காலை ஒன்பது மணிக்கு வீட்டைத் துடைக்கும்போதே எலக்ட்ரீஷியன் துடைப்பத்தால் விரட்டிப் பார்த்திருந்தார். அது அசையவில்லை.

"இன்னொருத்தர் எங்கே?"

"நூல் வாங்கப் போயிருக்கார்."

இடது காது கிளம்பியது. எலக்ட்ரீஷியன் கொடியில் கிடந்த கம்பளிக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த வெயில்ல குல்லாவா சார்?"

"சளிங்க."

வலது காதும் வந்தது. குல்லா ஒரு சாண் உயர்ந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் பூனை வெளியே வந்தது. அதன் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

பெண்மணி கோப்பைப் புரட்டினார். "விலங்குகள் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"இது பக்கத்து வீட்டுப் பூனை."

இந்த முறை வால். எலக்ட்ரீஷியன் சட்டென்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்."

வேறு வழியில்லை. ஒரு கையால் வாலை மறைத்தபடி பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து தையல்காரருக்குப் பல்லி நன்றாகத் தெரிந்தது. தோளிலிருந்து அலமாரிக்கு ஒரு தாவல், அலமாரியிலிருந்து கடிகாரத்துக்கு இன்னொன்று. கடிகாரம் கீழே விழுந்தது. கூடவே பல்லியின் வாலும் விழுந்து துடித்தது. மிச்சப் பல்லி தையல்காரரின் வாயில் இருந்தது.

பெண்மணியின் முகம் வெளுத்தது. எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"விடு கண்ணு," என்றார் எலக்ட்ரீஷியன். "பிள்ளை வரப்போற வீடு இது. அந்தப் பல்லியும் யாரோ பெத்த பிள்ளைதானே?"

பூனையின் மீசை நடுங்கியது. பிறவிக் குணம் ஒரு பக்கம், வராத பிள்ளை ஒரு பக்கம். அரை நிமிடம் போராடிவிட்டு அது வாயைத் திறந்தது. பல்லி சுவரில் விறுவிறுவென்று ஏறியது.

எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்து குல்லாவைக் கழற்றினார். "நான் சொன்னது எல்லாமே பொய்ங்க. இந்தப் பூனைதான் என் வீட்டுக்காரர். பயத்துல இப்படி ஆயிட்டார். நீங்க எதை எழுதணுமோ எழுதிக்கோங்க."

உண்மையைச் சொன்னதும் காதுகளும் வாலும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பூனை வந்து அவர் மடியில் சுருண்டுகொண்டது.

பெண்மணி சுவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கோப்பில் இரண்டு வரி எழுதி, தரையில் கிடந்த வாலை ஒரு காகித உறைக்குள் பத்திரமாக வைத்தார்.

"குழந்தை வளர்க்கத் தகுந்த வீடுன்னு எழுதியாச்சு. இனி அதிகாரி மேடம் கையெழுத்துப் போட்டா போதும்."

எலக்ட்ரீஷியனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அவங்க எப்பங்க வீடு பாக்க வருவாங்க?"

"நான் எழுதுறதுக்கு வந்தவ சார். மேடம் காலைல ஒன்பது மணியிலேர்ந்து உங்க சுவத்துலதான் இருக்காங்க."

ஜூன் இரண்டாம் தேதி குழந்தை வீட்டுக்கு வந்தாள். மேடத்துக்கும் அதற்குள் வால் வளர்ந்திருந்தது.