ஏழாவது கட்டத்தில் ஒரு பூஜ்யம்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எத்தனை கிலோ இருக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் அல்ல. அதற்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. 'பணியாளர் உடல்நல மேம்பாடு மற்றும் எடைக்குறைப்பு ஊக்குவிப்புத் திட்டம்' என்பது அதன் திருநாமம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நலப்பிரிவு வாசலில் ஐம்பத்திரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்போம். சூப்பரின்டெண்ட் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எடை எந்திரத்தின் முள்ளைக் குனிந்து பார்த்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழும் வரை எங்கள் எடை சட்டப்படி எடை ஆகாது.

ரெக்கார்டு ரூமில் இருப்பவருக்கு 'பீரோ' என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். ஒரு காலத்தில் நூற்று முப்பத்தொரு கிலோ இருந்தார். வாசலில் அவர் நின்றால் உள்ளே இருப்பவர்கள் விளக்கைப் போட வேண்டும். பிறகு மருத்துவமனையில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். ஒன்றரை வருஷத்தில் எழுபத்து நாலு கிலோவுக்கு வந்தார். அதன் பின் நாலு வருஷமாக எழுபத்து நாலிலேயே நிற்கிறார். ஆள் மெலிந்தாலும் பெயர் மெலியவில்லை.

"உனக்கென்னப்பா, ஆபரேஷன் பாத்துக்குது" என்று நாங்கள் பொறாமையோடு சொல்வோம்.

"ஆபரேஷன் ரெண்டு மணி நேரம்தான் பாத்துக்கிச்சு. மிச்சத்த நான்தான் பாத்துக்கறேன்" என்பார்.

பார்த்துக்கொள்வது சாமானியமாக இல்லை. மத்தியானம் கைக்குட்டை அளவு டப்பாவைத் திறப்பார். முதலில் முட்டை, பிறகு காய், கடைசியில் இடம் இருந்தால் மற்றது. ஒரு வாயை இருபது தடவை மெல்லுவார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க மாட்டார். பதவி உயர்வு, பிறந்த நாள், புதுப் பிரிண்டர் வந்த நாள் என்று எதற்கும் கேக் வெட்டுகிற அலுவலகம் எங்களுடையது. அவர் தன் துண்டைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவார். பக்கத்து மேஜை என்னுடையது. தபால் பிரிவில் வேலை பார்த்தாலும் சாப்பிடுவதற்கு மட்டும் ரெக்கார்டு ரூமுக்கு வந்துவிடுவேன். காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிய படிவம் வந்தது. அதில் ஏழாவது கட்டம், 'இந்த அரையாண்டில் குறைந்த எடை'. பீரோ நல்ல கையெழுத்தில் பூஜ்யம் என்று எழுதினார். அடுத்த அரையாண்டும் பூஜ்யம். நலப்பிரிவிலிருந்து ஓலை வந்துவிட்டது. தொடர்ந்து மூன்று பூஜ்யம் சேர்ந்தால் திட்டப் பலன்கள் நிறுத்தப்படுமாம்.

பலன் என்றால் லேசுப்பட்டது இல்லை. இரைப்பை சுருங்கியவருக்குச் சாப்பாட்டிலிருந்து சத்து முழுசாக ஏறாது. ஆயுசு முழுக்க வைட்டமின் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, உணவு ஆலோசகர் அம்மாவின் யோசனை, எல்லாம் வேண்டும். எல்லாம் இந்தத் திட்டத்தில்தான் வந்துகொண்டிருந்தன. பீரோ பதறிக்கொண்டு சூப்பரின்டெண்டிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"நாலு வருஷமா ஒரே எடை. முன்னேற்றமே இல்லையே?" என்றார் சூப்பரின்டெண்ட், வருத்தமாக.

"ஏறாம வெச்சிருக்கேன் சார். அதுதான் கஷ்டம். டாக்டரே பாராட்டினார்."

"டாக்டர் பாராட்டலாம். படிவம் பாராட்டணுமே? அரையாண்டுக்குக் குறைஞ்சது மூணு கிலோ இறங்கணும்னு இருக்கு."

பீரோ விரல் விட்டு எண்ணினார். "நான் ரிடையர் ஆக பன்னெண்டு வருஷம் இருக்கு சார். இருபத்து நாலு அரையாண்டு. மூணு மூணா எழுபத்து ரெண்டு கிலோ போயிடும். ரிடையர் ஆகறப்ப ரெண்டு கிலோதான் மிஞ்சுவேன்."

சூப்பரின்டெண்ட் இதைக் கவனமாக யோசித்தார். "பென்ஷன் பேப்பர்ல கையெழுத்துப் போட அது போதாதா?" என்றார்.

உணவு ஆலோசகர் அம்மா, 'இவருக்கு எடை மாறாமல் இருப்பதே வெற்றி' என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். 'வெற்றி என்னும் சொல்லுக்கு விதிகளில் விளக்கம் இல்லை' என்று பதில் போயிற்று. அதற்கு விளக்கம், விளக்கத்துக்கு நகல், நகலுக்கு நினைவூட்டு என்று ஃபைல் கொழுத்துக்கொண்டே வந்தது. இதற்கிடையில் அதிகம் இறங்கியவருக்குத் தருகிற வெற்றிக் கோப்பையை எங்கள் கேஷியர் மூன்றாவது முறையாக வாங்கினார். அவர் ஓர் அரையாண்டில் எட்டு கிலோ ஏறுவார். அடுத்த அரையாண்டில் ஆறு கிலோ இறங்குவார். கோப்பையின் எண்ணிக்கையும் இடுப்புச் சுற்றளவும் சேர்ந்தே வளர்ந்துகொண்டிருந்தன.

"ஏறினாத்தானேய்யா இறங்க முடியும்? ஏறினவனுக்கு 'தற்காலிகப் பின்னடைவு'ன்னு போட்டு ஆறு மாசம் சலுகை உண்டு. பூஜ்யத்துக்குத்தான் சலுகையே கிடையாது. நல்லாச் சாப்பிடு" என்று கேஷியர் பீரோவுக்கு இலவச ஆலோசனை தந்தார்.

பீரோ அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மறுநாள் நேரே தபால் பிரிவுக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, நீங்கதான் ஏதாவது வழி பண்ணணும். அப்பல்லாம் இவர் தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வரும். எழுப்பி எழுப்பி நான் தூங்கினதே இல்ல. ஒரு படிவத்துக்காக மறுபடி அதெல்லாம் வேணாம். எனக்கு பயமா இருக்கு" என்றார்.

அந்த அம்மா போனதும் நலப்பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டிய பீரோவின் ஃபைலைத் தூக்கினேன். கை இறங்கியது. சந்தேகப்பட்டுப் பார்சல் தராசில் வைத்தேன். நாலு கிலோ இருநூறு கிராம்.

அடுத்த எடை நாளில் பீரோ தன் ஃபைலைத் தானே வயிற்றில் கட்டிக்கொண்டு, மேலே தொளதொள சட்டை போட்டுக்கொண்டு, எந்திரத்தில் ஏறினார். முள் எழுபத்தெட்டு கிலோ இருநூறில் நின்றது.

சூப்பரின்டெண்டின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! நாலு வருஷத்துல முதல் தடவையா ஒரு அசைவு! பின்னடைவுன்னு போட்டுடறேன். உன் ஃபைல் எங்கய்யா?"

"பக்கத்துலதான் சார் இருக்கு" என்றார் பீரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஆறு மாதம் கழித்து ஃபைல் இல்லாமல் ஏறினார். நாலு கிலோ இருநூறு குறைவு. கோப்பை, கைதட்டல், கேக். மாத்திரை பிழைத்தது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் நான் கேஷியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். கேஷியர் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னாராம். அவரும் அப்படித்தானாம். ஆகவே பீரோ இறங்கிய அதே நாளில் அலுவலகம் மொத்தமும் ஏறியது. எல்லோர் வயிற்றிலும் ஃபைல். சாலை எல்லைத் தகராறு ஃபைல் இரண்டு பாகமும் என் வயிற்றில் இருந்தன. என் உடல்வாகுக்கு அது வெளியே தெரியவில்லை. கவுன்டரில் ஒரு பெரியவர், "என் மனு எங்கேங்க இருக்கு?" என்று கேட்டார். "வரிசையில நிக்குது" என்று உண்மையைச் சொன்னார்கள்.

அடுத்த எடை நாளுக்கு முன்னால், நன்றிக்கடனாகப் பீரோவுக்கும் ஒரு நல்ல தடித்த ஃபைலை எடுத்துப் போனேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"வேணாம்ணே. அன்னிக்கு அதைக் கட்டிக்கிட்டு மாடிப்படி ஏறினேன். நாலு படிக்கு மேல பழைய ஆள் திரும்பி வந்துட்ட மாதிரி இருந்துச்சு. பூஜ்யமே போட்டுக்கறேன்" என்றார்.

போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் ஃபைலை வீட்டில் விட்டுவிட்டு வந்து ஏறினோம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ குறைந்தது. சூப்பரின்டெண்ட் மட்டும் பதின்மூன்று கிலோ. போன தடவை திட்டத்தின் விதித் தொகுப்பையும் சேர்த்துக் கட்டியிருந்தாராம். எனக்குப் பன்னிரண்டரை. வரலாறு காணாத சாதனை என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை பறந்தது.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. அந்தத் தபாலைப் பிரித்தவன் நான்தான். 'தங்கள் சாதனை பெரிதும் பாராட்டுக்குரியது. பணியாளர் ஒருவரின் சராசரி எடை அறுபத்தெட்டு கிலோ எனக் கொண்டால், குறைந்த எடை ஆறு பணியாளர்களுக்குச் சமமாகிறது. மீதி நான்கு கிலோ கருணையுடன் விட்டுக்கொடுக்கப்படுகிறது. எனவே தங்கள் அலுவலகத்தில் ஆறு இடங்கள் உபரி. அதிகம் குறைந்தவர் முதலாவதாக விடுவிக்கப்பட்டு, காட்டோரக் கிடங்குக்கு மாற்றப்படுவர். ஏழாவது கட்டத்தில் பூஜ்யம் உள்ளவர்களுக்கு இவ்வுத்தரவு பொருந்தாது. அவர்கள் அனுபவிக்கும் பலன்கள் தொடரும். எடை மாறவில்லை என நிரூபிப்போர் முப்பது நாட்களுக்குள் முறையிடலாம்.'

பட்டியலில் முதல் பெயர் சூப்பரின்டெண்ட். இரண்டாவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் சூப்பரின்டெண்ட் ரெக்கார்டு ரூமுக்கே வந்து, பீரோவின் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் ஐந்து பேர். பீரோ ஒரு வாய் மென்றுகொண்டிருந்தார். இருபது முடியும் வரை காத்திருந்தோம்.

"தம்பி, அந்தப் பூஜ்யம் எப்படிப்பா வாங்கறது? எங்களுக்கும் சொல்லிக் குடேன்" என்றார் சூப்பரின்டெண்ட்.

"கொஞ்சமா சாப்பிடணும். மெதுவா சாப்பிடணும். தினமும் நடக்கணும். ஒருநாள் தப்பினா மறுநாள் சரி பண்ணிக்கணும். எனக்குப் பழக நாலு வருஷம் ஆச்சு சார்."

"முப்பது நாள்தான்யா குடுத்திருக்காங்க! குறுக்கு வழி எதுவும் இல்லையா?"

"இருந்துச்சு சார். அதத்தான் நீங்க எல்லாரும் வயித்துல கட்டிக்கிட்டீங்க" என்றார் பீரோ, டப்பாவை மூடியபடி.

முப்பத்தோராம் நாள் சாயங்காலம் எங்கள் ஆறு பேருக்கும் வழியனுப்பு விழா. வழக்கம்போல் கேக் வந்தது. பீரோ தன் துண்டை வழக்கம்போல் என் பக்கம் தள்ளினார். சூப்பரின்டெண்டும் அதே சமயம் கையை நீட்டினார். பெரியவர், உயரதிகாரி, பாவம், ஊரை விட்டே போகிறவர். இருந்தாலும் தட்டை முதலில் இழுத்தது நான்தான்.